பிள்ளை பெற்ற தாய்க்குக் கடும் மனநோய் வந்தால்: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்கள் பலவற்றில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை, பிள்ளையின் எடையைப் பார்த்துவிட்டுத் தராசைப் பையில் வைத்துக்கொண்டு நான் கிளம்பும் நேரத்தில், வாசல்வரை கூட வந்து, தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்கப்பட்டவை. பாம்பனில் கேட்டதைக் கீழக்கரையிலும் கேட்டார்கள்; தொண்டியில் கேட்டதை வாலிநோக்கத்திலும் கேட்டார்கள். ஆகவே கேட்டவர்களின் பேச்சு மாறாமல் கேள்விகளை எழுதி, பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். மருத்துவரைப் பார்க்கும்வரையிலும், பார்த்து வந்த பின்னும், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

"புள்ள பெத்தா எல்லாப் பொண்ணுந்தான் அழுகுது. இதுல எது நோயின்னு எப்படித் தெரியும்?"

மூன்று வேறு நிலைகளை நாம் ஒரே பெயரால் அழைத்துக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது, பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமின்றி வரும் அழுகையும் எரிச்சலும். பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு இது வரும். இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். இரண்டாவது, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு இது வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளையைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாமல், "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்று நினைக்கும் அளவுக்கு அது போகலாம். அதற்கும் மருத்துவம் வேண்டும்.

மூன்றாவதுதான் இங்கே பேசப்போகும் கடும் மனநோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், சிலருக்கு மூன்றாம் நாளிலேயே, திடீரென்று தொடங்கும். முதல் அடையாளம் தூக்கம் போவது. பிள்ளை தூங்கும்போதும் தாய் தூங்கமாட்டாள், களைப்பும் தெரியாது. பிறகு பேச்சு ஓயாமல் போகும் அல்லது ஒரேயடியாக நின்றுவிடும். காதில் குரல் கேட்கும். யாரோ பிள்ளையை மாற்றிவிட்டார்கள், பாலில் ஏதோ கலந்திருக்கிறார்கள், இந்தப் பிள்ளை சாமியின் அவதாரம் என்பது போன்ற எண்ணங்கள் அசைக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளும். காலையில் தெளிவாகப் பேசியவள் மாலையில் தன் தாயையே அடையாளம் தெரியாமல் விழிப்பாள். இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டு "சரியாகிவிட்டது" என்று ஏமாந்துவிடக் கூடாது.

"பெரியவுக பிரசவ ஜன்னின்னு சொல்றது இதுதானா?"

பாதி சரி. காய்ச்சலில் பிதற்றுவது, வலிப்பு, மனம் குழம்புவது எல்லாவற்றையும் நம் பெரியவர்கள் ஜன்னி என்ற ஒரே சொல்லில் அடக்கினார்கள். பிரசவமான தாய் பிதற்றினால் அதற்குக் கருப்பையில் ஏற்பட்ட கிருமித் தொற்று, இரத்தக் கொதிப்பால் வரும் வலிப்பு, மூளையின் சிரை இரத்தக் குழாயில் இரத்தம் உறைவது, தைராய்டு கோளாறு ஆகியவையும் காரணமாக இருக்கலாம். இவற்றில் சில, மணிக்கணக்கில் உயிரைக் குடிப்பவை. மனநல மருத்துவரிடம் போனாலும் முதலில் உடம்பைச் சோதிப்பது இதனால்தான். காய்ச்சல், விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல், ஒரு பக்கம் கைகால் இழுத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தவறாமல் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும், புண் ஆறாது என்று சொல்லி ஒரு நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்தும் வழக்கம் நம் கடற்கரையில் இன்னும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் இயல்பாகவே இரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும். உடம்பில் நீர் வற்றினால் அந்த ஆபத்து பெருகும். சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டின் உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பால் கொடுக்கும் ஒரு பெண்ணுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதை எந்த மரபின் பெயராலும் என்னால் ஏற்க முடியவில்லை.

"எங்க வம்சத்துல யாருக்கும் இது கிடையாது. எம்மகளுக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"

பிரசவத்தோடு சுரப்பிகளின் அளவு சட்டென்று சரிவதும், தூக்கம் கெடுவதும், உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒரு நலிவை எழுப்பிவிடுகின்றன. மிகுகளிப்பும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கும், முன் பிரசவத்தில் இந்நோய் வந்தவர்களுக்கும், தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ வந்திருந்தவர்களுக்கும் வாய்ப்பு மிக அதிகம். முதல் பிரசவத்தில் வருவது கூடுதல். ஆனால் வந்தவர்களில் பலருக்கு முன்பு எந்த மனநோயும் இருந்ததில்லை.

பெண் பிள்ளை பிறந்ததால், சிசேரியன் ஆனதால், மாமியார் ஏசியதால், அவள் மனம் பலவீனமானதால் என்று காரணம் தேடிச் சம்பந்தி வீட்டாரோடு சண்டை பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டையில் கழியும் மூன்று நாட்களும் அவளுக்குச் சிகிச்சை இல்லாமல் போகும் நாட்கள்.

"ராத்திரி ரெண்டு மணி. அவ கதவைத் தொறந்துக்கிட்டு ஓடுறா. வீட்டுல ஆம்பள இல்ல. என்ன செய்யிறது?"

108-ஐ அழையுங்கள். பிரசவமாகி இத்தனை நாள், தூங்கி இத்தனை நாள், பிதற்றுகிறாள் என்று மூன்றையும் சொல்லுங்கள். இது மாரடைப்பைப் போன்ற அவசரம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி வரும்வரை என்ன செய்வது என்று பேசத் துணை வேண்டுமானால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பிள்ளையை வேறொருவர் தூக்கிக்கொள்ளட்டும். தாயோடு தனியே விட வேண்டாம். அவளுடன் இருவர் இருங்கள். அரிவாள்மனை, மீன் வெட்டும் கத்தி, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, மாத்திரைகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். கிணற்றுப் பக்கக் கதவையும் கடற்கரைப் பக்கக் கதவையும் சாத்திவிட்டு அந்தப் பக்கம் ஒருவர் உட்காருங்கள். "பிள்ளையை மாற்றிவிட்டார்கள்" என்று அவள் சொன்னால், இல்லை என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்துப்பாடவும் வேண்டாம். "பயமா இருக்குன்னு தெரியுது, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்ற ஒன்றையே மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சுற்றி நின்று ஆளுக்கொன்று பேசும் கூட்டத்தை வெளியே அனுப்புவது பெரிய உதவி.

"எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்?"

முதலில் அருகில் உள்ள அரசு மருத்துவமனை. பிறகு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பிரசவ மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடமே இந்நோய்க்கு ஏற்றது. அங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். பிரசவமான இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, தாய் சேய் நல அட்டை, இதுவரை கொடுத்த மருந்துகள் (நாட்டு மருந்து உட்பட) மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

"இது காத்து கருப்பு வேலையின்னு எல்லாரும் சொல்றாக. ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே இல்லை. மதமும் இதில் வேறுபாடு பார்ப்பதில்லை. ஏர்வாடி தர்காவுக்கு இந்துக் குடும்பங்களும் கிறித்தவக் குடும்பங்களும் காலங்காலமாகப் போய்வருகின்றன. வேண்டுதல் ஒரு குடும்பத்துக்குத் தரும் தைரியத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சிகிச்சை தொடங்கிய பின், மருத்துவர் போகலாம் என்று சொன்ன பின், தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ போய் வாருங்கள். முதல் வாரத்தில், அவள் தூங்காமல் இருக்கும்போது, நெரிசலிலும் இரைச்சலிலும் கொண்டுபோய் உட்கார வைத்து, கனவில் உத்தரவு வரட்டும் என்று நாட்கணக்கில் காத்திருப்பதுதான் ஆபத்து. ஏர்வாடியிலேயே தவாவும் துவாவும், அதாவது மருந்தும் பிரார்த்தனையும், சேர்ந்தே நடக்க வேண்டும் என்று அரசின் மனநலத் திட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது. ஆகவே மாத்திரை சாப்பிட்டால் நேர்ச்சை பலிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கட்டிப்போடுவதற்கு மட்டும் இடமே இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். அந்தக் காலையை இந்த மாவட்டத்தில் வேலை பார்த்த எவரும் மறக்கவில்லை. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. வேப்பிலையால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது எதையும் பச்சை உடம்பு தாங்காது.

"ஆஸ்பத்திரியில சேத்தா புள்ளையப் பிரிச்சிருவாகளா?"

தாய் மனநல மருத்துவமனையில் இருக்கும்போது மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் அந்த முடிவை 15 நாளுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். தாயையும் சேயையும் ஒன்றாக வைத்துச் சிகிச்சை தருவதற்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. நம் பக்கத்தில் அத்தகைய பிரிவு எட்டாத நிலையில், துணைக்கு வரும் பாட்டியோ சித்தியோதான் அந்தப் பிரிவு.

நோய் உச்சத்தில் இருக்கும்போது பிள்ளை அவள் கண்ணில் படட்டும், ஆனால் கை வேறொருவருடையதாக இருக்கட்டும். ஒரு மீனவக் குடும்பத்தில் அந்தப் பெண்ணின் மாமியார் செய்ததைப் பார்த்தேன். குளிப்பாட்டும் நேரம் வந்ததும் மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். தான் காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றுவார். மருமகள் கையில் துண்டைக் கொடுத்து வைத்திருப்பார். முதல் வாரம் அந்தப் பெண் துண்டைப் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வாரத்தில் பிள்ளையின் பாதத்தைத் துடைத்தாள். பிறகு ஒருநாள், தண்ணீர் சூடாக இருக்கிறது என்று மாமியாரைக் கடிந்துகொண்டாள். அன்று அந்த மாமியார் என்னிடம் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

"மாத்திரை சாப்புட்டா தாய்ப்பால் குடுக்கலாமா?"

மருந்தைப் பொறுத்தது. பல மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. ஓலான்சபின், குவெட்டியாபின் போன்றவற்றைச் சாப்பிடும் தாய்மார் மருத்துவர் கண்காணிப்பில் பால் கொடுக்கிறார்கள். குளோசபின் சாப்பிட்டால் கொடுக்கக் கூடாது. லித்தியம் பாலில் கணிசமாகக் கலக்கும். பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வார்கள். எதுவானாலும் பால் கொடுக்கும் தாய் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பிள்ளை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, பால் இழுக்காமல் போனாலோ உடனே காட்டுங்கள். மருந்தின் மயக்கத்தில் இருக்கும் தாயருகே பிள்ளையைப் படுக்க வைத்துத் தூங்கவிடக் கூடாது. புரண்டு படுத்தால் மூச்சு அடைபடும்.

பாலை நிறுத்த நேர்ந்தால், பால் வற்றுவதற்கான மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் சில மூளையில் வேலை செய்யும் விதம் இந்நோயை இன்னும் கிளப்பிவிடக்கூடியது. "தாய்ப்பால் கொடுக்காதவ தாயா?" என்ற பேச்சு வீட்டுக்குள் எழாமல் பார்த்துக்கொள்வது ஆண்களின் வேலையாகவும் இருக்கட்டும்.

"ஷாக் குடுப்பாகளாமே?"

எல்லோருக்கும் கொடுப்பதில்லை. சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், உயிருக்கே ஆபத்தான நிலையில் இருக்கும் தாய்க்கு அது மிக விரைவாகக் குணம் தரக்கூடியது. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. சினிமாவில் காட்டுவதை மனத்திலிருந்து எடுத்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

"பத்தியச் சாப்பாடு, லேகியம் எல்லாம் நிறுத்தணுமா?"

பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் தாராளமாகக் கொடுக்கலாம். அவற்றைச் சமைத்துக் கொடுக்கும் கையில் அவளுக்கு ஒரு பழகிய வாசனையும் இருக்கிறது. மூன்றை மட்டும் கவனியுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், காரணத்தை ஜன்னி பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன். லித்தியம் சாப்பிடும் தாய்க்கு உப்பில்லாப் பத்தியம் கூடவே கூடாது. உப்பும் நீரும் குறைந்தால் அந்த மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகும், கைநடுக்கமும் வாந்தியும் தள்ளாட்டமும் அதன் அடையாளம். கடைச் சரக்கிலோ வைத்தியரிடமோ வாங்கிய எந்த மருந்தையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

"தலமாட்டுல இரும்பு, வாசல்ல வேப்பில, நாப்பது நாள் தனி ரூம்பு. இதெல்லாம் விட்டுறணுமா?"

விட வேண்டியதில்லை. எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்தமானது. ஏனெனில் நம் வழக்கத்துக்குள்ளேயே பாதிச் சிகிச்சை இருக்கிறது. பச்சை உடம்புக்காரியைத் தனியே விடாதே, அவளுக்கு நாற்பது நாள் வேலை வைக்காதே, அவளைச் சுற்றி ஒரு பெண் எப்போதும் இருக்கட்டும் என்று வகுத்தவர்கள், இந்நாட்களில் மனம் எவ்வளவு எளிதில் உடையும் என்பதைக் கண்டிருக்கிறார்கள். காத்து கருப்பு என்று அவர்கள் பெயர் வைத்த ஆபத்துக்கு எதிராக அவர்கள் நிறுத்திய காவல், நோய் என்று நாம் பெயர் வைத்தாலும் அதே காவல்தான்.

ஆனால் தலைமாட்டில் அரிவாளோ கத்தியோ வேண்டாம். இந்நோயில் அது கைக்கெட்டும் ஆயுதம். பெட்டிச் சாவியோ குதிரை லாடமோ இரும்புதானே, அதை வைத்தால் எந்தப் பாட்டியும் மறுத்ததில்லை. தனி அறை ஓய்வுக்காக இருக்கட்டும். தீட்டு என்று தட்டைத் தள்ளிவைத்து, பேச்சையும் நிறுத்தும் அறையாக ஆகிவிடக் கூடாது. வெளிச்சமும் காற்றும் வரும்படி சன்னலைத் திறந்து வையுங்கள்.

"மருந்தைத் தவிர வீட்டுல நாங்க செய்யக்கூடியது என்ன?"

ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், அவள் தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். இரவு பத்து மணி முதல் விடியற்காலை நான்கு மணி வரை பிள்ளை அவளிடம் இல்லாமல் வேறொரு பெண்ணிடம் இருக்கட்டும். தாய் வீட்டில் ஒருநாள் அம்மா, மறுநாள் அக்கா, அடுத்த நாள் மதினி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் தொடர்ந்து விழித்தால் பத்து நாளில் அவரும் படுத்துவிடுவார். பெயர் வைக்கும் நாள், அகீகா, பதினாறு என்று எந்த விசேஷத்தையும் தள்ளிவைக்கலாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒலிபெருக்கி இல்லாமல், பத்துப் பேரோடு முடியுங்கள்.

முன்பு சொன்ன மாமியார், தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் நான்கு வரி எழுதி வைத்தார். எத்தனை மணி தூங்கினாள், மாத்திரை எப்போது போட்டாள், என்ன பேசினாள், பிள்ளை என்ன செய்தது. மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள்களை ஒரு ரப்பர் பேண்டில் கட்டி எடுத்துப்போவார். மருந்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அதைவிடப் பயன்பட்ட ஒன்றை நான் பார்த்ததில்லை.

"அவுக கடலுக்குப் போயிட்டாக. அண்ணன் துபாயில இருக்காரு. சொன்னா பதறுவாக, மறைச்சிரலாமா?"

மறைக்க வேண்டாம். பிறகு வேறு யாரோ திரித்துச் சொல்லித் தெரியும்போதுதான் "பைத்தியத்தைக் கட்டி வைத்துவிட்டார்கள்" என்ற சொல் பிறக்கிறது. "பிரசவத்தால் வரும் ஒரு நோய், மருந்து கொடுக்கிறார்கள், குணமாகும்" என்று மூன்று விஷயத்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். முடிந்தால் மருத்துவரிடம் அவரைப் போனில் பேசவையுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் தினமும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம், கேள்வி கேட்காமல் பேசினால் போதும். "ஏன் அழுகிறாய், என்ன குறை வைத்தேன்" என்ற விசாரணை அவளை இன்னும் கலைக்கும். விசைப்படகில் போகிறவர்கள் கரையில் இருக்கும் நாட்களில் ஓர் இரவு முறையைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் இப்படிப் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு வாசலில் உலாவிய தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன், ஊர் சிரித்ததில்லை. படகு திரும்பவில்லை, சிறைபிடித்தார்கள் என்ற செய்தி வரும் நாட்களில் மட்டும் டிவியை நிறுத்திவிட்டு, உறுதியான தகவலை ஒருவர் மட்டும் அவளிடம் சொல்லட்டும்.

"நடிக்கிறா, வேலைக்குப் பயந்துக்கிட்டு செய்யிறான்னு எங்க வீட்டுல சொல்றாக."

நான்கு நாள் தூங்காமல் யாராலும் நடிக்க முடியாது. இப்படிச் சொல்பவரை அடுத்த முறை மருத்துவமனைக்குத் துணையாக அழைத்துப் போங்கள். மருத்துவர் சொன்னால் ஏறும்.

"'புள்ளைய நானே ஏதாச்சும் செஞ்சிருவேனோன்னு பயமா இருக்கு'ன்னு அழுகுறா. அப்ப ஆபத்துதானே?"

இது நுட்பமான இடம்; அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. பிள்ளை கைதவறி விழுந்துவிடுமோ, கத்தி பட்டுவிடுமோ என்ற படங்கள் வேண்டாமலே மனத்தில் வந்து, அதைக் கண்டு தாய் நடுங்குவது பலருக்கும் வருவதுண்டு. அந்த எண்ணம் தவறு என்று அவளுக்கே தெரியும், அதனால்தான் அழுகிறாள். இது மனப்பதற்றத்தின் அல்லது ஒரே எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயின் அடையாளமாக இருக்கும். அப்படிப்பட்ட தாய் அதைச் செய்துவிடுவது மிக மிக அரிது. அவளைத் திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டாள்.

ஆனால் அச்சமோ அழுகையோ இல்லாமல், "பிள்ளையை அனுப்பிவைத்தால்தான் அதற்கு விமோசனம்", "குரல் சொல்கிறது" என்று உறுதியோடு பேசினால், இரவு பற்றிய பதிலில் சொன்ன அத்தனையும் அந்த நிமிடமே செய்ய வேண்டும். எந்த வகை என்று பிரித்தறிவது உங்கள் வேலை அல்ல. இரண்டிலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டும்வரை பிள்ளையோடு தனியே விடாதீர்கள்.

"வெளிய தெரிஞ்சா இவ தங்கச்சிக்கு மாப்பிள்ள வராது. ஊருக்கு என்ன சொல்றது?"

இந்தப் பயம் பொய்யானது என்று நான் சொல்லப்போவதில்லை. விசாரிப்பவர் எல்லோருக்கும் விவரம் சொல்லும் கடமையும் உங்களுக்கு இல்லை. "பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு சரியில்லை, தூக்கம் வேணும்னு டாக்டர் சொல்லியிருக்காக" என்பது முழு உண்மை, அதோடு நிறுத்தலாம். ஆனால் கிராம செவிலியர், கணவன், இரண்டு நெருங்கிய சொந்தங்கள் இவர்களிடம் மறைத்தால் இரவில் உதவிக்கு ஆள் இருக்காது. ரகசியம் காப்பதற்காக மாத்திரையை நிறுத்துவது, மறுபடி நோய் வந்து ஊரறியச் செய்வதில்தான் முடியும்.

"நல்லாயிட்டா. மாத்திரைய நிறுத்திரலாமா?"

சிகிச்சை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தெளிவடைகிறார்கள். முழுமையாகப் பழைய நிலைக்கு வர ஆறு மாதம், ஓராண்டுகூட ஆகலாம். இடையில், தெளிந்த பின், ஒரு மனச்சோர்வு வருவதும் உண்டு; அதை நோய் திரும்பிவிட்டது என்று பயப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிறுத்துவதும் குறைப்பதும் அவர் சொல்லும் வேகத்தில்தான். பாசி எடுக்கவும் கருவாடு காயப்போடவும் போகிற பெண்கள் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

"அடுத்த புள்ள பெத்துக்கலாமா?"

பெற்றுக்கொள்ளலாம், ஆனால் திட்டமிட்டு. ஒருமுறை வந்தவருக்கு அடுத்த பிரசவத்தில் மறுபடி வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டில் ஒன்று. கருத்தரிக்கும் முன்பே மனநல மருத்துவரைப் பாருங்கள். வால்புரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள பிள்ளைக்குக் குறைபாடு உண்டாக்கும். அதைச் சாப்பிடுபவர் முன்கூட்டியே வேறு மருந்துக்கு மாற வேண்டும். பிரசவமான உடனே தடுப்பு மருந்து தொடங்குவதாலும் முதல் இரவிலிருந்தே தூக்கத்தைக் காப்பதாலும் ஆபத்தை வெகுவாகக் குறைக்கலாம். இனி வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான்; ஆனால் அது அவள் தெளிவாக இருக்கும்போது அவளே எடுக்கும் முடிவாக இருக்கட்டும். நோயின் நடுவில் கையெழுத்து வாங்கிக் குடும்பக் கட்டுப்பாடு செய்யக் கூடாது.

"மாப்பிள்ள வீட்டுல தீத்து விட்டுருவோம், புள்ளையும் தரமாட்டோம்னு சொல்றாக."

மனநோய் வந்தது என்பது மட்டுமே விவாகரத்துக்குப் போதாது. இந்துத் திருமணச் சட்டத்தில், சேர்ந்து வாழவே இயலாத அளவும் தன்மையும் உள்ள நோய் என்று நிரூபிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1988-லேயே இதைத் தெளிவாக்கியிருக்கிறது. இந்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். மற்ற மதத்தாருக்கு அவரவர் சட்டம் உண்டு. எந்தப் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகக் கிடைக்கும். ஜமாத்திலோ ஊர்க் கூட்டத்திலோ பங்குச் சாமியாரிடமோ பேசுவதானாலும், அவள் குணமாகி, தானே வந்து உட்கார முடிந்த பின் பேசுங்கள்.

"எம்புள்ளையோட மொத ஒரு மாசம் எனக்கு ஞாபகமே இல்லக்கா. ஞாபகம் வர்றதெல்லாம் நான் கத்துனது மட்டுந்தான். நான் என்ன செய்ய?"

இதைக் கேட்டவள் அந்தப் பெண்ணேதான். துண்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள். நோய் தெளிந்த தாய்மாருக்கு வெட்கமும் குற்ற உணர்வும் வருவது வழக்கம். நடந்ததைச் சொல்லச் சொல்லி அவள் கேட்டால் சொல்லுங்கள். கேட்காதபோது, குறிப்பாகச் சண்டையின் நடுவில், எடுத்துக்காட்டாதீர்கள். அவள் கேட்பது பெரும்பாலும் பிள்ளை எப்போது சிரித்தது, எப்போது தொப்புள்கொடி விழுந்தது என்பது போன்றவைதான்.

அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மாமியார் உள்ளே போய், ரப்பர் பேண்ட் போட்ட அந்தக் காலண்டர் தாள்களை எடுத்துவந்து மடியில் வைத்தார். மருத்துவருக்காக எழுதியவற்றில் நான்காவது வரி எப்போதும் பிள்ளையைப் பற்றியது. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பி, பதினோராம் நாள் தாளில் நின்றாள். "தொப்புக்கொடி விழுந்துச்சு. டப்பாவுல வச்சிருக்கேன்" என்று அதில் இருந்தது. "எந்த டப்பா அத்தை?" என்று கேட்டாள்.